ஜெர்மனியில் பகிர்வு வீட்டில் குடியேறுவது எப்படி? ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

படிக்கவோ வேலைக்கோ ஸ்டுட்கார்ட் வருகிறவர்களுக்குத் தனி வீடு உடனே அமைவது அரிது. வாடகை அதிகம்; வீட்டுக்காரர்கள் கேட்கும் சம்பளச் சீட்டும், ஷூஃபா என்னும் கடன் நம்பகச் சான்றும் புதிதாக வந்தவரிடம் இருக்காது. அதனால் பெரும்பாலோர் முதலில் போய்ச் சேருவது வேகே எனப்படும் பகிர்வு வீட்டில்தான். ஆளுக்கு ஓர் அறை. சமையலறையும் குளியலறையும் பொது.

அனுசரித்துப் போவது நல்ல குணம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். புது வீட்டில் எதையும் கேட்காமல், குறை இருந்தாலும் சொல்லாமல் ஒதுங்கி இருந்தால் மதிப்பார்கள் என்று நினைக்கிறோம். ஜெர்மன் வேகேயில் அது நமக்கே பாதகமாகிறது. நீங்கள் கேட்கவில்லை என்றால் உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்வார்கள். சொல்லவில்லை என்றால் உங்களுக்குக் குறையே இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது இந்த ஊருக்காகவே சொன்னதுபோல இருக்கிறது. முதல் வாரத்திலேயே கேளுங்கள், பணம் சம்பந்தப்பட்டதை எழுத்தில் வாங்குங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைப்பவைதான்.

அறை தேடும்போது

மாணவர் என்றால் இடம் உறுதியான அன்றே ஸ்டுடீரண்டன்வெர்க் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம்; ஆனால் வாடகை மற்ற இடங்களைவிடக் குறைவு. அது கிடைக்கும்வரை வேகே-கெசூக்ட் என்னும் அறை தேடும் இணையத் தளம்தான் எல்லோருக்கும் புகலிடம். யாராவது சில மாதங்கள் வெளியூர் போகும்போது தன் அறையைப் பொருட்களோடு விட்டுக்கொடுக்கும் ட்ஸ்விஷன்மீட்டெ முதலில் வந்து இறங்குவதற்கு மிகவும் ஏற்றது. கட்டில் வாங்க வேண்டியதில்லை. ஊரைப் பார்த்துவிட்டு நிதானமாக நிரந்தர அறை தேடலாம்.

விளம்பரத்தைக் கடைசி வரிவரை படியுங்கள். உண்மையாகவே படித்தவர் யார் என்று அறிவதற்காக, பதிலில் ஒரு குறிப்பிட்ட சொல்லைச் சேர்க்கும்படி நடுவில் எழுதி வைப்பவர்கள் உண்டு. 'மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு அறை தேவை' என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒரு பதிலும் வராது. உங்களைத் தேர்ந்தெடுக்கப் போவது வீட்டுக்காரர் அல்லர். அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் மூன்று பேர். என்ன படிக்கிறீர்கள், காலையில் எழுபவரா இரவில் விழிப்பவரா, என்ன சமைப்பீர்கள், ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். முதல் இரண்டு மூன்று வரிகளை ஜெர்மனில் எழுதுங்கள். பிறகு ஆங்கிலம் போதும்.

நேரிலோ வீடியோவிலோ அழைத்துப் பேசுவார்கள். அதை வேலைக்கான நேர்முகத் தேர்வுபோல நினைத்து விறைப்பாக உட்கார வேண்டாம். வயது வித்தியாசம் பாராமல் பெயர் சொல்லி, 'டூ' என்று ஒருமையில் பேசுவதுதான் அங்கே வழக்கம். நீங்களும் கேளுங்கள்: சேர்ந்து சமைப்பதுண்டா, விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம், சுத்தம் செய்யும் முறை என்ன? சிலர் வாரம் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வீட்டை விரும்புவார்கள். சிலருக்கு வாடகையைப் பகிர்ந்துகொண்டால் போதும். இரண்டில் உங்களுக்கு எது ஒத்துவரும் என்று முன்பே தெளிவாக இருப்பது நல்லது.

மோசடிகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும். அழகான அறை, நம்ப முடியாத வாடகை, வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்ற வாக்கு. அறையை நீங்களோ, நம்பிக்கையான ஒருவரோ பார்க்காமல் ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் நகலையும் அந்தக் கட்டத்தில் கொடுக்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன்

முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தம் எந்த வகை என்பதை. மூன்று வகை உண்டு. எல்லோரும் சேர்ந்து உரிமையாளரிடம் கையெழுத்திட்டவர்கள் என்றால், ஒருவர் வாடகை தராவிட்டாலும் மொத்தத்தையும் உங்களிடம் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. வெளியேறவும் மற்றவர்களின் ஒத்துழைப்பு வேண்டும். ஒருவர் மட்டும் முதன்மை வாடகைதாரராக இருந்து மற்றவர்களுக்கு உள்வாடகை விட்டிருந்தால், உரிமையாளரின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். முதன்மை ஒப்பந்தம் முடிந்துபோனால் உங்களையும் வெளியேறச் சொல்ல உரிமையாளரால் முடியும். மூன்றாவது வகையில், அறைக்கு ஒருவராக உரிமையாளரே தனித்தனி ஒப்பந்தம் போடுவார். புதிதாக வருகிறவருக்கு இதுதான் சிக்கல் குறைந்தது என்பது என் எண்ணம்.

வாடகையில் இரண்டு தொகைகள் இருக்கும். கால்ட்மீட்டெ என்பது அறைக்கான வாடகை மட்டும். வார்ம்மீட்டெயில் சூடேற்றம், தண்ணீர், குப்பை போன்ற செலவுகளும் சேரும். மின்சாரமும் இணையமும் அதற்குள் அடங்கியவையா என்று கேளுங்கள். பல வீடுகளில் தனி. சூடேற்றத்துக்கு மாதந்தோறும் கட்டுவது முன்பணம்தான். ஆண்டுக் கணக்கு முடிந்தபின் கூடுதலாகச் செலவாகியிருந்தால் மீதியைக் கேட்டுக் கடிதம் வரும். கணக்காண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் அந்தக் கணக்கு உங்களிடம் வந்துவிட வேண்டும் என்பது சட்டம்.

கவுட்சியோன் எனப்படும் வைப்புத் தொகை மூன்று மாத கால்ட்மீட்டெயைத் தாண்டக் கூடாது. அதை மூன்று சம தவணைகளில் கட்டவும் சட்டம் இடம் தருகிறது. முதல் தவணை குடியேறும்போது. விசாவுக்காக மொத்தமாகப் பணம் போட்டுவைத்து மாதாமாதம் அளவாக மட்டும் எடுக்கும் முடக்குக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ மட்டும் கைக்கு வரும் மாணவருக்கு இது பெரிய ஆறுதல். தவணையில் கட்டுகிறேன் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: 'இந்த முகவரியில் பதிவு செய்துகொள்ளலாமா?' முடியாது என்றால் அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

சாவி கைக்கு வரும் நாள்

பெட்டியைத் திறப்பதற்கு முன் அறையைச் சுற்றிப் பாருங்கள். சுவரில் ஆணித் துளை, தரையில் கீறல், ஜன்னல் ஓரத்தில் கறுப்புப் பூஞ்சை, உடைந்த கதவுப்பிடி எல்லாவற்றையும் படமெடுத்து, வீடு ஒப்படைப்புக் குறிப்பில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். குறிப்பு எழுதும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை என்றால் அன்றே படங்களை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு சாட்சி இருக்கும். எத்தனை சாவி தந்தார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். பல கட்டடங்களில் ஒரே சாவி வாசல், நிலவறை, வீடு எல்லாவற்றையும் திறக்கும். அப்படிப்பட்ட சாவி தொலைந்தால் கட்டடத்தின் பூட்டுகள் அனைத்தையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழக்கூடும்.

அதனால்தான் ஹாஃப்ட்ப்ஃபிளிஷ்ட் என்னும் தனிநபர் பொறுப்புக் காப்பீட்டை முதல் மாதத்திலேயே எடுக்கச் சொல்கிறேன். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் ஜெர்மானியர்களில் பெரும்பாலோர் வைத்திருக்கிறார்கள். பிறர் பொருளுக்கு நம்மால் சேதம் நேர்ந்தால் அது ஈடுகட்டும். சாவித் தொலைப்பும், வாடகை வீட்டுக்கு நேரும் சேதமும் அடங்குமா என்று பார்த்து எடுங்கள்.

அடுத்தது தபால் பெட்டி. உங்கள் பெயர் அதில் இல்லை என்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வங்கி அட்டை, ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் தபாலில்தான் வரும். தமிழர்களுக்கு இங்கே தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு கட்டத்திலும் நம் பெயர் இன்னொரு கட்டத்திலும் இருக்கும், சிலருக்கு இரண்டும் ஒரே கட்டத்தில் இருக்கும். வங்கி 'முருகேசன்' என்று அப்பா பெயருக்குக் கடிதம் அனுப்பும். பெட்டியில் 'கார்த்திக்' என்று மட்டும் ஒட்டியிருந்தால் அது திரும்பிப் போய்விடும். பாஸ்போர்ட்டில் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒட்டிவிடுங்கள். வாசல் அழைப்பு மணியிலும் அப்படியே. கட்டடங்களில் வீட்டு எண் பெரும்பாலும் இருக்காது. பெயரை வைத்துத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

முதல் இரண்டு வாரங்கள்

குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். ஸ்டுட்கார்ட்டில் பகுதிவாரியாக உள்ள பியுர்கர்பியூரோ அலுவலகங்களில் செய்யலாம். முன்பதிவு நேரம் கிடைப்பது கடினமென்பதால், ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே தேடத் தொடங்குங்கள். பாஸ்போர்ட்டோடு, நீங்கள் அங்கே குடியேறியதை உறுதிப்படுத்தி வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் ஒன்றும் வேண்டும். 2015 நவம்பரிலிருந்து இது கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. உள்வாடகை என்றால் முதன்மை வாடகைதாரரே கையெழுத்திடலாம். 'பிறகு தருகிறேன்' என்று இழுத்தடித்தால், அது அவருடைய கடமை என்பதைப் பணிவாக, ஆனால் எழுத்தில் நினைவூட்டுங்கள்.

பதிவு முடிந்தால்தான் மற்றவை நகரும். வரி எண் சில வாரங்களில் தபாலில் வரும். வதிவிட அனுமதி அலுவலகமும் பல வங்கிகளும் பதிவுச் சான்றைக் கேட்கும். பதிவு செய்ய முடியாத அறையை விடச் சொன்னது இதனால்தான்.

அதன்பின் ஒரு கடிதம் வந்து பலரைக் கலங்க வைக்கும். டிவியே இல்லாதவருக்கு ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு வரும் கடிதம் அது. ருண்ட்ஃபுங்க்பைட்ராக் எனப்படும் இது 2021 ஆகஸ்டிலிருந்து வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ. கட்டணம் ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. வேகேயில் ஒருவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தால் அவருடைய கட்டண எண்ணை எழுதிப் பதில் அனுப்பினால் போதும். தொகையை உங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம். கடிதத்தை அலட்சியப்படுத்தினால் உங்கள் பெயரில் தனிக் கணக்கு திறந்து பாக்கி ஏறிக்கொண்டே போகும். பொதுத் தாழ்வாரத்திலிருந்து நேரே நுழையும் விடுதி அறைகள் மட்டும் தனி வீடாகக் கருதப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சமையலறை

வேகே வாழ்க்கை நன்றாக அமைவதும் கெடுவதும் இங்கேதான். குளிர்பதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு இருக்கும். அடுத்தவர் தட்டிலிருந்து பாலைக்கூடக் கேட்காமல் எடுக்கக் கூடாது. உப்பு, எண்ணெய், பாத்திர சோப்பு, கழிவறைத் தாள் இவற்றுக்குப் பொதுப் பணம் உண்டா, எது பொது, எது தனி என்று முதல் நாளே கேளுங்கள். சைவம் சாப்பிடுபவர் ஒரு வாணலியைத் தனியாக வைத்துக்கொள்ள விரும்பினால் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். இங்கே சைவர்களும், பால்கூடத் தொடாதவர்களும் ஏராளம். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் வாணலியை ஒளித்து வைப்பதுதான் மனத்தாங்கலை உண்டாக்கும்.

நம் சமையலில் அவர்களை உறுத்துவது மசாலா மணம் என்று நினைக்கிறோம். மணம் பலருக்குப் பிடிக்கிறது. அது மூடிய ஜன்னலுக்குள் அடுத்த நாள்வரை தங்கி, தாழ்வாரத்தில் தொங்கும் குளிர்கோட்டில் ஏறுவதுதான் பிடிப்பதில்லை. தாளிக்கும்முன் சமையலறைக் கதவைச் சாத்துங்கள், புகைப்போக்கியைப் போடுங்கள், ஜன்னலை அகலத் திறந்து வையுங்கள். வறுத்த மிளகாய்ப் புகை தாழ்வாரத்துக்குப் போனால் அங்கிருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கும். குக்கர் விசிலை இதற்கு முன் கேட்டிராதவர்கள் பயந்துபோவார்கள். முதல் தடவை சொல்லிவிட்டு வையுங்கள்.

அடுப்பு பெரும்பாலும் கண்ணாடித் தகடாக இருக்கும். அடிப்பகுதி வளைந்த தோசைக்கல் அதில் சூடேறாது. அடி தட்டையான கல்லைக் கொண்டு வாருங்கள். இன்டக்ஷன் அடுப்பென்றால் இரும்புக் கல் வேலை செய்யும், அலுமினியக் குக்கர் செய்யாது. கனத்த கல்லைத் தகட்டின்மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள். கஞ்சி பொங்கி வழிந்து கருகினால் ஸ்கிரப்பரால் தேய்க்காதீர்கள், கீறிவிடும். ஆறியபின், பிளேடு பொருத்திய சுரண்டியைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் கரி ஏடுபோல உரிந்து வரும். கடைகளில் சில யூரோவுக்குக் கிடைக்கும். அந்த வீட்டு இழுப்பறையில் ஏற்கெனவே ஒன்று இருக்கவும் கூடும். மஞ்சள் கறை வெள்ளை மேடையில் பட்டால் அந்த நிமிடமே துடையுங்கள்.

மிக்சியை ஊரிலிருந்து கொண்டு வரலாம். இரு நாடுகளிலும் மின்னழுத்தம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மாற்றும் அடாப்டர் மட்டும் வேண்டும். அதன் திறனைத் தாங்கும் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அரைப்பதை இரவு 10 மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசிக்கு ஈழத்தமிழர் கடைகள் உண்டு. 1980கள் தொட்டுப் போரினால் வந்து சேர்ந்தவர்கள் ஜெர்மன் நகரங்களில் உருவாக்கிய கடைகள் அவை. எந்த வாரநாளில் புதுச் சரக்கு வருகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் எல்லாக் கடைகளும் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

குளியலறையும் ஜன்னலும்

பெரும்பாலான ஜெர்மன் குளியலறைகளின் தரையில் தண்ணீர் வடிய வழி இருக்காது. தொட்டிக்கு வெளியே வாளி வைத்துக் குளித்தால் தண்ணீர் தரைக்கடியில் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் கறையாகத் தெரியும். கழிவறையில் தண்ணீர் பயன்படுத்த விரும்பினால் சிறு குவளை போதும். தரையை உலர்த்திவிட்டு வாருங்கள். குளித்து முடித்ததும் கண்ணாடியையும் ஓடுகளையும் ரப்பர் பட்டையால் வழித்துவிடுவார்கள். சுண்ணாம்புப் படிவு பிடிக்காமலிருக்க அது. ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும் என்பது பல வீடுகளில் விதி.

காற்றோட்டம் இங்கே பெரிய விஷயம். குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே துணி காயப்போட்டு, இட்லி அவித்து, ஜன்னலை மூடியே வைத்திருந்தால் சுவரில் பூஞ்சை வரும். அதற்கான பணம் வைப்புத் தொகையிலிருந்து போகலாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து முதல் பத்து நிமிடம் ஜன்னலை முழுவதும் திறந்து வைத்து மூடுங்கள். அந்த நேரத்தில் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். ஜன்னலைச் சாய்த்த நிலையில் நாள் முழுவதும் விட்டுவைப்பதால் அறை காற்றோட்டம் பெறாது, ஜன்னலோரச் சுவர் குளிர்ந்து பூஞ்சைக்குத்தான் இடம் கொடுக்கும். ஹீட்டர் திருகியில் 3 என்பது ஏறத்தாழ 20 டிகிரி. 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும் என்பது தவறான எண்ணம்; வெப்பம் எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது.

குப்பையும் கேர்வோஹெயும்

பிளாஸ்டிக், தகர உறைகள் மஞ்சள் பைக்கு அல்லது மஞ்சள் தொட்டிக்கு. தாளுக்கு ஊரைப் பொறுத்து நீலமோ பச்சையோ. காய்கறித் தோல் பழுப்புத் தொட்டிக்கு, பிளாஸ்டிக் பையில் கட்டாமல், செய்தித்தாளில் சுற்றி. மீதம் எல்லாம் பொதுக் கழிவுத் தொட்டிக்கு. கண்ணாடிப் புட்டிகளை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று பிரித்துத் தெருவிலுள்ள பெட்டிகளில் போடுவார்கள். ஞாயிறும் இரவும் போடக் கூடாது, சத்தம் கேட்கும் என்பதால். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிக்குக் கடையில் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். குழாய்த் தண்ணீரே குடிக்க நல்லது என்பதால் அந்தப் புட்டிகளே தேவையில்லை.

கேர்வோஹெ ஸ்டுட்கார்ட்டும் அதைச் சுற்றியுள்ள ஸ்வாபிய நாடும் பெருமையோடு காக்கும் வழக்கம். ஒருநாள் காலை உங்கள் வீட்டுக் கதவில் சிறு அட்டையொன்று தொங்கும். அந்த வாரம் மாடிப்படி கூட்டித் துடைப்பது உங்கள் முறை என்று பொருள். சிறிய முறை என்றால் உங்கள் தளத்துப் படிகள்; பெரிய முறை என்றால் முற்றம், நிலவறைப் பாதை, வாசல் நடைபாதை. பனி விழுந்தால் விடிகாலையில் வழி ஒதுக்குவதும் அதில் சேரலாம். வாரந்தோறும் கழிவை அகற்ற வேண்டும் என்று 1492 ஆம் ஆண்டு ஸ்டுட்கார்ட் நகரச் சட்டம் சொன்னதிலிருந்து இதன் கதையைத் தொடங்குவார்கள். வேலை முடிந்ததும் அட்டையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டுங்கள். படி சுத்தமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் துடைத்ததை அண்டை வீட்டுப் பாட்டி பார்ப்பதுதான் முக்கியம். அவரிடம் 'குரூஸ் கோட்' என்று வணக்கம் சொல்லத் தொடங்கிவிட்டால், உங்களுக்கு வரும் பார்சலை வாங்கி வைக்கவும் ஆள் கிடைத்துவிடும்.

பேச வேண்டியவை

வீட்டுக்குள் சுத்தம் செய்யும் அட்டவணை தனி. சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும். உங்கள் முறையைத் தவறவிட வேண்டியிருந்தால் முன்பே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் ஏதாவது குறை சொன்னால் நேரடியாகச் சொல்வார்கள்: 'நேற்று அடுப்பைத் துடைக்கவில்லை.' இதில் அவமதிப்பு எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்டு, துடைத்துவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும். மனதில் வைத்திருக்க மாட்டார்கள். உங்களுக்கும் அந்த உரிமை உண்டு. இரவு ஒரு மணிக்கு விருந்துச் சத்தம் கேட்டால் கதவைத் தட்டிச் சொல்லலாம். இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுவதும் அமைதி காக்க வேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள்.

ஊருக்கு வீடியோ அழைப்பு பேசும்போது நம் குரல் தானாக உயரும். பொதுச் சமையலறையில் பேசாமல் அறைக்குள், ஹெட்போனோடு பேசுங்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்கப் போகிறார்கள் என்றால் டிக்கெட் போடும் முன்பே வீட்டாரிடம் கேளுங்கள். மூன்று வாரங்களுக்குக் குளியலறை இன்னும் இரண்டு பேருக்குப் பங்காகிறது. முன்பே கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

உரிமையாளரோடு தகராறு முற்றினால் நகரத்தில் வாடகைதாரர் சங்கம் இருக்கிறது; ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்ந்தால் சட்ட ஆலோசனை கிடைக்கும். பல்கலைக்கழக மாணவர் அமைப்புகளிலும் இலவச ஆலோசனை நேரம் உண்டா என்று விசாரியுங்கள்.

கிளம்பும்போது

கால வரம்பில்லாத ஒப்பந்தத்துக்குப் பொதுவாக மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும். மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள் கடிதம் போய்ச் சேர்ந்தால் அந்த மாதமும் கணக்கில் வரும். உங்களுக்கு வாடகைக்கு விட்டவரே அந்த வீட்டில் குடியிருந்து, அறையையும் பொருட்களோடு தந்திருந்தால், 15 ஆம் தேதிக்குள் சொல்லி மாதக் கடைசியில் வெளியேறலாம். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினால் செல்லாது. தாளில் எழுதி, கையால் கையெழுத்திட்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வைப்புத் தொகை உடனே முழுவதும் வராது. ஆண்டுக் கணக்கு வரும்வரை ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது வழக்கம். அதனால் ஜெர்மன் வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். குடியேறிய அன்று எழுதிய குறிப்பையும் படங்களையும் ஒப்படைக்கும் நாளில் கையில் வைத்திருங்கள். ஒலிபரப்புக் கட்டணம் உங்கள் பெயரில் இருந்தால் அடுத்தவர் பெயருக்கு மாற்றுங்கள். ஜெர்மனிக்குள்ளேயே வேறு வீட்டுக்குப் போகிறவர் புது முகவரியைப் பதிந்தால் போதும். நாட்டை விட்டே போகிறவர், புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து இரண்டு வாரம் பின்புவரை உள்ள காலத்தில் பதிவை நீக்கிச் சான்று வாங்க வேண்டும். காப்பீட்டையும் கைப்பேசி ஒப்பந்தத்தையும் முடித்துக்கொள்ள அந்தச் சான்றைக் கேட்பார்கள்.